கப்பல் பேரில் ஓர் அறை

செவ்வாய், காலை 6.10. மதுரை, மாட்டுத்தாவணி.

இடைநில்லாப் பேருந்தில் ஏறி, நூற்று நாற்பது ரூபாய்க்குச் சீட்டு வாங்கி, ஜன்னலோர இருக்கையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நாங்கள் புறப்படுவது சரியான நாளில்தானா? இறங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள் பேருந்து சுற்றுச்சாலையைத் தொட்டுவிட்டது.

என் கணவர் டேனியல் சரக்குக் கப்பலில் மூன்றாம் பொறியாளர். மகள் லியாவுக்கு நாற்பது நாள் ஆனபோது கப்பல் ஏறினார். இப்போது அவளுக்கு எட்டு மாதம். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்கிடையில், இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு கப்பல் தூத்துக்குடிக்கு வருகிறது என்று பத்து நாளுக்கு முன் சொன்னார். வேலை இல்லாத நேரமாகப் பார்த்து நான்கைந்து மணி நேரம் வெளியே விடுவார்கள். அந்த நான்கைந்து மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பயணம்.

சந்தோஷமான செய்திதான். ஆனால் லியா ஒரு மாதமாக மீசையைக் கண்டால் அழுகிறாள். பால்காரர், எதிர்வீட்டு வக்கீல், தடுப்பூசி போடுகிற டாக்டர், எல்லோரையும் பார்த்து மூச்சு நின்றுவிடும் அளவுக்கு அழுகை. இந்த வயதில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் என்கிறார் டாக்டர். அதைத் தொலைபேசியில் சொன்னபோது டேனியல் சிரிக்கவில்லை. "என்னைப் பார்த்து அழுதான்னா, அந்த அழுகையைத்தான் நான் மூணு மாசம் காதுல வச்சிருக்கணும், எஸ்தர்" என்றார். அதன் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அவருடைய ஊர் நாசரேத். தூத்துக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். போக வர மூன்று மணி நேரம் போய்விட்டால் மிஞ்சுவது என்ன? அதனால் தூத்துக்குடியிலேயே ஒரு விடுதியில் அறை எடுப்பது என்று முடிவு செய்தேன். இதை என் மாமியாரிடம் சொல்வதற்கு இரண்டு நாள் ஆனது. அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை.

"ஏளா, சொந்த வீடு நாசரேத்துல கெடக்க, ஓட்டல்லயா ரூம் போடுத?"

நான் அட்டவணையை வாசித்துக் காட்டினேன். இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம். நானும் கணக்கு டீச்சராக இருந்தவள்தான். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, "நானும் அங்கன வந்தா அவனைப் பங்கு போட்டுல்லா பாக்கணும். பிள்ளை மொதல்ல பாக்கட்டும். நான் அவன் லீவுல வரும்போது பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது. எது அதிகம் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

விடுதியைத் தேர்ந்தெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஓட்டல்கள் பேருந்து நிலையப் பக்கம் இருந்தன. வரவேற்பறையில் கோட்டுப் போட்ட மீசைக்காரர்கள் நிற்கும் படங்களைப் பார்த்ததுமே அவற்றைக் கழித்துவிட்டேன். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டைப் புதுப்பித்து ஐந்தே அறைகள் வைத்திருக்கும் சிறிய விடுதி ஒன்று கண்ணில் பட்டது. சுண்ணாம்புச் சுவர், நீலக் கதவுகள். அறைகளுக்கு எண் இல்லை, காற்றுகளின் பெயர். கொண்டல், வாடை, கச்சான் என்று. ஒரு நாள் வாடகை இரண்டாயிரத்து அறுநூறு. நடத்துபவர் செலின் என்ற அம்மாள்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் இருபத்தேழு கேள்விகள் அனுப்பினேன். ஜன்னலுக்குக் கம்பி உண்டா, வெந்நீர் எத்தனை மணிக்கு, கொசுவலை, தொட்டில் கட்டக் கொக்கி, பசும்பால். இருபத்திரண்டாவது கேள்வி: உங்கள் விடுதியில் மீசை வைத்தவர்கள் எத்தனை பேர்? பதில் குரல்பதிவாக வந்தது.

"வாட்ச்மேன் வச்சிருக்காரு, சமையல்காரர் வச்சிருக்காரு, எங்க வீட்டுக்காரர் வச்சிருக்காரு. நான் மட்டுந்தாம்மா இன்னும் வைக்கல."

அதன் பிறகு தொலைபேசியில் பேசினோம். புதன் வியாழன் இரண்டு நாளுக்கு அறை வேண்டும், கப்பல் தாமதமானால் வெள்ளியும் தேவைப்படலாம், முன்னதாக வந்துவிட்டால் செவ்வாய் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் இடையில் நிறுத்தினார்.

"தேதியை விடுங்க. கப்பல் பேரு என்ன?"

"எதுக்கு அக்கா?"

"கப்பல்காரங்க வீட்டுக்கு நான் கப்பல் பேர்லதான் ரூம் போடுவேன். அது என்னைக்கு ஹார்பர் உள்ள வந்து கயிறு கட்டுதோ அன்னைக்குத்தான் உங்க தேதி. காத்துக் கெடக்குற நாளைக்குப் பாதி வாடகை. கப்பல் கட்டுன பொறவு முழு வாடகை."

தேதி இல்லாமல் அறை பதிவு செய்வதை நான் கேள்விப்பட்டதே இல்லை. இது ஏமாற்றா, சலுகையா? இணையத்தில் தேடினேன், எங்கும் இப்படி ஒன்று இல்லை. என் அம்மாவிடம் கேட்டேன். "பாதி வாடகைன்னா நல்லதுதானே" என்றார். "அது ஏன் பாதி?" என்பதுதான் என் சந்தேகமே. கடைசியில் கப்பலின் பெயரைச் சொல்லிவிட்டேன். இங்கே எழுத வேண்டாம் என்று டேனியல் சொல்லியிருக்கிறார்.

காலை 9.15. தூத்துக்குடி.

மதுரையிலிருந்து சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். லியா இரண்டு முறை மட்டும் அழுதாள், இரண்டு முறையும் நடத்துனரைப் பார்த்து. புதிய பேருந்து நிலையத்திலிருந்து விடுதிக்கு ஆட்டோ நூற்று இருபது ரூபாய்.

வெயில் வெள்ளையாக அடித்தது. தெருமுனை திரும்பியதும் கடல் வாடையும் கருவாட்டு வாடையும் சேர்ந்து வந்தன. செலின் அக்கா வாசலிலேயே நின்றார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை, இடுப்பில் சாவிக்கொத்து. குழந்தையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். லியா அழவில்லை.

மேசையில் ஒரு நீளமான பதிவேடு இருந்தது. வழக்கமான கட்டங்களோடு "கப்பல்" என்று ஒரு கட்டம் தனியாக. என் பெயரைப் பேனாவில் எழுதினார். கப்பல் பெயரையும், அதற்குக் கீழே டேனியல் பெயரையும் பென்சிலில் எழுதினார்.

"ஏன் அக்கா பென்சில்?"

"கட்டுன பொறவு பேனா" என்றார். "போன வருசம் ஒரு பிள்ளை கன்னியாகுமரியிலேர்ந்து வந்து அஞ்சு நாள் கெடந்தா. கப்பலைக் கொச்சிக்குத் திருப்பி விட்டுட்டானுவ. ரப்பர் வச்சு அழிச்சேன். பேனான்னா அடிக்கணும்லா. அடிச்சா நல்லாருக்காது."

திருப்பி விடுவார்களா? என் அட்டவணையில் அந்த வரி இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். "ஒரே ஒரு கட்டளைதான். கப்பல் கட்டுன பொறவு எங்கனயும் தேடிப் போகாதீங்க. வாரவன் இங்கன வருவான். அவன் பேர்ல ஒரு சாவி எங்கிட்ட எப்பமும் இருக்கும்."

எங்களுக்குக் கச்சான் அறை. உயரமான கூரை, கனமான கட்டில், கடல் பக்கம் ஒரு ஜன்னல். கம்பி இருந்தது. இரண்டு கம்பிகளுக்கு நடுவே லியாவின் தலை நுழையாது என்று கையை வைத்து அளந்து பார்த்தேன். பிறகு கட்டிலின் உயரம் பயமாக இருந்தது. மெத்தையைத் தரையில் போடச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து, ஏழு மாதக் கடல் வாழ்க்கைக்குப் பிறகு வருகிறவரைத் தரையில் படுக்க வைப்பதா என்று தோன்றியது. திரும்பக் கட்டிலில் போடச் சொன்னேன். சாயங்காலம் மறுபடி தரைக்கு வந்தது. வாட்ச்மேன் மூன்று முறையும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டே மெத்தையைத் தூக்கினார். லியாவுக்காக அப்படிச் செய்யச் சொல்லி அக்காவின் உத்தரவு.

புதன்.

கடலில் நிற்கும் கப்பல்களைக் காட்டும் செயலி ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். டேனியலின் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு ஒரு புள்ளியாக நின்றது. காலை ஏழு மணிக்கும் அங்கேதான், பத்து மணிக்கும் அங்கேதான். துறைமுகத்தில் இடம் காலியாக வேண்டுமாம். கப்பலின் இணையத்தில் அவரிடமிருந்து செய்திகள் வந்தன. "இன்று மாலை இருக்கலாம்." பிறகு, "நாளை காலை." பிறகு, "ஏஜென்ட் ஒன்று சொல்கிறார், கேப்டன் ஒன்று சொல்கிறார்." நான் நோட்டில் நேரத்தை எழுதி எழுதி அடித்தேன். அக்கா சொன்னது சரிதான், அடித்தால் நன்றாக இல்லை.

மாலை ஐந்து மணிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். விடுதியிலிருந்து எட்டு நிமிட நடை. வழியில் கால் கிலோ மக்ரூன் வாங்கினேன். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்வது, டேனியலுக்கு உயிர். கடலோரத்தில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். தொடுவானத்தில் ஐந்து கப்பல்கள் நின்றன. எது அவருடையது? செயலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இடமிருந்து இரண்டாவது என்று கணக்கிட்டேன். "லியா, அப்பா கப்பல் பாரு" என்று அவள் கையைப் பிடித்து அரை மணி நேரம் ஆட்டினேன். அங்கிருந்து அவருடைய கப்பலே தெரியாது என்பதை மறுநாள்தான் அவர் சொன்னார். யாருடைய அப்பாவுக்குக் கையாட்டினோமோ, அவர் பார்த்திருந்தால் சரி.

அறைக்குத் திரும்பி டேனியலிடம் பேசினேன். மீசையை எடுத்துவிடும்படி ஏற்கனவே சொல்லியிருந்தேன். "எடுத்துடுதேன். கப்பல் கட்டுறதுக்கு முன்னாடி எப்படியும் ஒரு அஞ்சு நிமிசம் கிடைக்கும்" என்றார்.

வியாழன், காலை 7.05.

"கட்டியாச்சு. பதினொன்றுக்கு மேல் வருவேன். நாலுக்குள் திரும்பி உள்ளே இருக்க வேண்டும். துறைமுக வாசலில் நிற்கிறாயா, ஹோட்டலுக்கு வரவா?"

"ஹோட்டலுக்கே வாங்க" என்று பதில் போட்டேன். இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பார்த்துவிட்டார். அக்கா பதிவேட்டில் கப்பலின் பெயர் மீது பேனாவால் எழுதினார். டேனியல் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருந்தது. "ஆளு வரட்டும்" என்றார்.

லியாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் கவுன் போட்டு, ஒன்பதரை மணிக்குத் தூங்க வைத்தேன். பதினொன்றுக்கு எழுந்தால் நல்ல மனநிலையில் இருப்பாள். எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. பத்தே காலுக்கு எனக்கு ஒரு யோசனை. புதுத் துறைமுகத்திலிருந்து விடுதிக்கு ஒன்பது கிலோமீட்டர். அவர் வாசலுக்கு வெளியே வந்து, ஆட்டோ தேடி, இங்கே வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். நான் வாசலிலேயே நின்றால் அந்த முக்கால் மணி நேரமும் எங்களுக்குத்தானே? "நானே வாசலுக்கு வருகிறேன், அங்கேயே இருங்கள்" என்று செய்தி போட்டேன். ஒற்றைக் கோடுதான் விழுந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. இன்ஜின் அறையில் இருப்பார், மேலே வந்ததும் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அக்கா சமையலறையில் மீன்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லாமல் போனது தவறுதான். சொன்னால் தடுப்பார் என்று தெரிந்துதான் சொல்லாமல் போனேன்.

காலை 10.40. துறைமுகச் சாலை.

ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். ஓட்டுநருக்குக் கன்னம் வரை நீண்ட மீசை. ஏறியதும் லியா விழித்துக்கொண்டாள், கண்ணாடியில் அந்த மீசையைப் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா, பிள்ளைக்கு வயிறு வலிக்கா?"

"இல்ல அண்ணாச்சி. மீசையைப் பார்த்தா பயப்படுவா. தப்பா நினைச்சுக்காதீங்க."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். இறக்கிவிடப்போகிறார் என்றே நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டார். "எம் பொண்டாட்டி இருவது வருசமா எடுங்க எடுங்கன்னு சொல்லுதா. அவ சொல்லிக் கேக்காதவன் இப்பம் இந்தப் பிள்ளைக்காண்டி மறைக்கேன். வீட்டுல சொல்லிராதீங்க" என்று வண்டியை எடுத்தார்.

சாலையின் ஒருபுறம் உப்பளங்கள். பாத்திகளில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. வெள்ளைக் குவியல்களைப் பனையோலை போட்டு மூடியிருந்தார்கள். எதிரே நிலக்கரி லாரிகள் வரிசையாக வந்தன. அது டேனியலின் கப்பலில் வந்த கரியாகக்கூட இருக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"எந்த வாசலும்மா?"

"எத்தனை வாசல் இருக்கு?"

துண்டுக்கு மேலே அவர் கண்கள் என்னை ஒரு நிமிடம் பார்த்தன. "லாரிக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. ஆளு லாரி வாசல்லயும் வருவான்."

ஆட்கள் வாசலில் இறங்கினேன். ஆட்டோக்காரரைக் காத்திருக்கச் சொன்னேன். வேப்பமர நிழலில் நின்றோம். 11.15. 11.40. வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் இன்னும் ஒற்றைக் கோடுதான். கரையில் பயன்படுத்தும் அவருடைய பழைய எண்ணுக்கு அழைத்தேன். இந்த எண்ணுக்கான சேவை நிறுத்தப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த எண் காலாவதியாகாமல் இருக்க ஏழு மாதமாக, இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை, நான்தான் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். கடலில் இருப்பவருக்கு அது எதற்கும் பயன்படவில்லை. இருந்தாலும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன வாரம் கெடு முடிந்திருக்கிறது. இருபத்தேழு கேள்விகளுக்கும் மெத்தையின் உயரத்துக்கும் நடுவில் அதை மறந்துவிட்டேன். அந்த எண்ணுக்குப் பயன் இருந்த ஒரே வாரம் இதுதான். கப்பலை விட்டு இறங்கியதும் அவருக்கு இணையமும் இல்லை, தொலைபேசியும் இல்லை.

ஒருவேளை மறு வாசலில் நிற்கிறாரோ? ஆட்டோவில் அங்கே போனோம். கரித்தூள், ஹாரன் சத்தம். லியா வெயிலில் சிவந்துபோய் அழுதாள். மறுபடி முதல் வாசல். காவலரிடம் கேட்டேன். "கப்பல்காரங்க காலையில நாலஞ்சு பேரு போனாங்க மேடம், யாரு பேரைக் கேக்க?" என்றார். ரீசார்ஜ் செய்ய முயன்றேன். பணம் செலுத்தும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அவர் எண்ணை அழைத்தேன், மறுபடி அதே பெண் குரல். எத்தனை முறை அழைத்தேன் என்று தெரியாது. 12.40 மணிக்கு, இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், செலின் அக்காவின் அழைப்பு உள்ளே வந்தது.

"ஒரு மணி நேரமா அடிக்கேன், எங்கேஜ்டு எங்கேஜ்டுன்னே வருது. எங்கன இருக்கீங்க?"

"வாசல்ல அக்கா."

அக்கா நிதானமாகச் சொன்னார். "அவரு பதினொண்ணரைக்கே இங்கன வந்துட்டாரும்மா."

பிற்பகல் 1.15. விடுதி.

மீதி இரண்டு மணி நேரம்தான். மூன்றேகாலுக்கு அவர் கிளம்பியாக வேண்டும். வழியெல்லாம் இதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். முக்கால் மணி நேரத்தைச் சேமிக்கப் போய் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தைத் தொலைத்திருந்தேன். அக்கா வாசலில் நின்றார், திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தூங்குதாரு" என்றார். "நேத்து ராத்திரி பூரா இன்ஜின்ல நின்னாராம். 'அவ வந்த உடனே எழுப்புங்க அக்கா'ன்னு சொல்லிக்கிட்டே சாஞ்சுட்டாரு."

கதவைத் திறந்தேன். தரையில் கிடந்த மெத்தையில், சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நகக்கண்ணில் கறுப்பு. மீசையை எடுத்திருக்கவில்லை. அந்த ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை போல.

லியா என் தோளில் விறைத்தாள். அழப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை. குனிந்து பார்த்தாள்.

எழுப்ப வேண்டும். அவரே சொல்லியிருக்கிறார். இருப்பது இரண்டே மணி நேரம். ஆனால் விழித்து, எழுந்து நின்று, ஆவலாகக் கையை நீட்டினால் அவள் கத்துவாள். எழுப்பாமல் விட்டால், தூங்கிய நேரத்துக்காக அவர் பிறகு வருத்தப்படுவார். என்மேல் கோபப்படவும் கூடும். கை அவர் தோள்வரை போனது, திரும்பி வந்தது. இப்படி மூன்று முறை. கடைசியில் எதையும் முடிவு செய்யாமல், குழந்தையை மெத்தையின் ஓரத்தில் இறக்கிவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் தவழ்ந்து போனாள். சட்டைப் பொத்தானை முதலில் தொட்டாள். கைக்கடிகாரத்தை நக்கினாள். நான் தடுக்கவில்லை, அதில் என்ன கிருமி இருக்குமோ என்று நினைத்தபடியே தடுக்காமல் இருந்தேன். பிறகு முகத்தருகே போய் வெகுநேரம் பார்த்தாள். மூச்சு விடும்போது மீசை முடி லேசாக அசைந்தது. அதை ஒரு விரலால் தொட்டாள். விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டாள், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்பது போல. மறுபடி தொட்டாள்.

எவ்வளவு நேரமோ தெரியாது. நான் நிமிர்ந்தபோது அவர் கண் திறந்திருந்தது. உடம்பு கொஞ்சமும் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எவ்வளவு நேரமாச்சு வந்து?"

"முக்கால் மணி நேரம்."

"எழுப்பிருக்கலாம்லா."

"எழுப்பலாம்னுதான்..." என்றேன்.

"சரி, விடு. இவ ஏன் அழல?"

அதைச் சொல்லிக்கொண்டே எழுந்து உட்காரப் போனார். தலை ஓர் அடி உயர்ந்ததும் லியாவின் கீழுதடு பிதுங்கியது. சட்டென்று மறுபடி படுத்துக்கொண்டார். உதடு உள்ளே போனது. இன்னொரு முறை முயன்று பார்த்தோம், அதேதான். படுத்திருந்தால் அப்பா, உட்கார்ந்தால் அந்நியர்.

அதனால் அவர் படுத்தே இருந்தார். கடற்கரைக்குப் போவது, மாதா கோயில் முன்னால் படம் எடுப்பது என்று நான் போட்டு வைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. லியா அவர் வயிற்றின் மேல் ஏறி இறங்கினாள். சட்டைப்பையிலிருந்து கப்பல் அடையாள அட்டையை எடுத்துக் கடித்தாள். அக்கா சோறும் சீலா மீன் குழம்பும் கொண்டுவந்து பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில கூட நான் இப்படி ஒருத்தருக்குச் சாப்பாடு வச்சதில்ல" என்றபடி மெத்தையருகே வைத்தார். நான் பிசைந்து கொடுக்க, அவர் ஒருக்களித்தபடியே சாப்பிட்டார். மக்ரூனையும் அப்படியே. பொடி காதுக்குள் விழுந்தது, லியா அதை எடுத்துத் தின்றாள். முட்டை சேர்ந்தது, இன்னும் கொடுக்கத் தொடங்கவில்லை என்று என் மனசு பதறியது. பதறிக்கொண்டே சிரித்தேன்.

மூன்றேகாலுக்கு எழுந்தார். எழுந்ததும் லியா வீறிட்டு அழுதாள். ஆட்டோ தெரு திரும்பும்வரை அழுதாள். அவர் எழுந்து நின்றதற்காக அழுதாளா, போகிறார் என்றா? அவர் அதைக் கேட்கவில்லை. வண்டியிலிருந்து தலையை நீட்டி, "இந்த அழுகை பரவாயில்ல" என்று மட்டும் சொன்னார். உள்ளே வந்தபோது பதிவேட்டில் அவர் பெயர் பேனாவில் இருந்தது. அக்கா எப்போது எழுதினார் என்று நான் கவனிக்கவில்லை.

சனி, பிற்பகல் 1.20. தூத்துக்குடி, புதிய பேருந்து நிலையம்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை முடியவில்லை, வெளியே வர முடியவில்லை. வியாழன் மாலையே ரீசார்ஜ் செய்துவிட்டேன். துறைமுகத்துக்குள் சிக்னல் கிடைப்பதால் பழைய எண்ணில் பேசிக்கொண்டோம்.

கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயில் கடுமை, தொப்பி வேண்டும். கடற்கரையில் மாலை ஐந்துக்கு மேல்தான் உட்கார முடியும். குழந்தை உணவை மதுரையிலிருந்தே எடுத்துப்போனேன், தேவைப்படவில்லை. அக்கா இட்லியை ஆவி பறக்கத் தந்தார். விடுதிக்காரர் ஏதாவது ஒன்றைச் செய்யாதீர்கள் என்றால், காரணம் புரியாவிட்டாலும் செய்யாதீர்கள். ஆனால் நான் வாசலுக்கு ஓடாமல் இருந்திருந்தால் அவர் விழித்த முகத்தோடு எங்களை எதிர்கொண்டிருப்பார், அவள் அழுதிருப்பாள். அப்படியானால் நான் செய்தது தவறா, சரியா? மதுரை வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

கிளம்பும்போது அக்கா, எத்தனை நாள் காத்திருந்தாலும் ரூம் இருக்கும் என்பது போல, "அடுத்த கப்பல் பேரு தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார்.

கப்பல் இரண்டு மணிக்குக் கிளம்பியது. எங்கள் பேருந்து எட்டயபுரம் பக்கம் கரிசல் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தபோது டேனியல் அழைத்தார். கரை இன்னும் தெரிகிறது, எந்த நேரமும் சிக்னல் போய்விடும் என்றார். ஒலிபெருக்கியைப் போட்டு லியாவின் காதருகே பிடித்தேன். "லியா குட்டி" என்றது குரல். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு, அவர் மெத்தையில் கிடந்தது போலவே, என் மடியில் ஒருக்களித்துச் சாய்ந்து, கன்னத்தை என் முழங்காலில் வைத்து, எதிரே வெறும் இருக்கையைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

"என்ன செய்றா?" என்று கேட்டார்.

தூக்கம் வருகிற நேரம்தான் அது. அதனாலும் இருக்கலாம்.

"படுத்திருக்கா" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அதற்குள் தொடர்பு அறுந்தது. சிக்னல் போனது அவருக்கா எனக்கா என்று தெரியாமல், போனை அவள் காதருகிலேயே வெகுநேரம் பிடித்திருந்தேன்.